நான் நிற்காத தேர்தல்

எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி வந்த அன்று என் கணவர் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் மதியம் வீட்டுக்கு வருகிற ஆள் இல்லை. செம்பாக்கம் மெயின் ரோட்டில் சின்னதாக ஒரு எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். சாப்பாட்டு டப்பாவைக் கடையிலேயே திறப்பார், யாராவது வந்தால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார், மீதிச் சோற்றைச் சாயங்காலம் சாப்பிடுவார். அன்று எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "லேடீஸ் வார்டு ஆயிடுச்சு," என்றார்.

எனக்கு அவர்மேல் இரக்கம்தான் வந்தது. இந்தத் தேர்தலுக்காக அவர் எவ்வளவு காலம் காத்திருந்தார் என்று எனக்குத்தான் தெரியும். "அப்ப உங்களுக்கு இல்லையா?" என்று கேட்டேன்.

"நமக்குத்தான். நீ நிக்கப் போற."

அவர் கட்சிக்காரர். என்னைக் கல்யாணம் பண்ணுவதற்கு முன்பே கட்சிக்காரர். எங்கள் கல்யாண ரிசப்ஷன் முடிவதற்குள் தாம்பரத்தில் ஒரு பொதுக்கூட்டத்துக்கு மைக் செட் வயரிங் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார், திரும்பி வந்தபோது கோட்டில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்று யாராவது சொன்னால் லைன்மேனைக் கையோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்துவார். சாவு வீட்டுக்கு லைட் போட்டால் காசு வாங்க மாட்டார். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், ஆதார் திருத்தம் என்று யார் வந்தாலும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போவார். இதற்கெல்லாம் கட்சி அவருக்கு ஒரு வட்டப் பொறுப்பு கொடுத்திருந்தது. அந்தப் பொறுப்புக்குச் சம்பளம் கிடையாது, செலவு உண்டு. "ஒரு நாள் கூப்பிட்டுக் குடுப்பாங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாவது முதல் எட்டாவது வரை கணக்கு எடுக்கிறேன். வார்டில் பாதி வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் பின்னத்துக்கும் சதவீதத்துக்கும் திட்டு வாங்கியவர்கள். அதனால் எனக்கு அங்கே பெயர் கிடையாது, டீச்சர்தான்.

முடியாது என்றுதான் சொன்னேன். மேடை, மைக், கும்பிடு எல்லாம் எனக்கு ஒத்துவராது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. "ஒரு தடவ வார்ட சுத்திப் பாரு, அப்புறம் சொல்லு," என்றார். சனிக்கிழமை தோறும் நடந்தேன். ஏரிக்கரைப் பக்கம் ஒரு தெருவில் ஒவ்வொரு மழைக்கும் சாக்கடைத் தண்ணீர் சமையலறை வரை வருகிறது. அந்தத் தெருப் பெண்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் வடிகாலைக் காட்டினார்கள். புதிதாகக் கட்டிய வடிகால்தான். ஆனால் ஏரிப் பக்கம் சரிய வேண்டியது தெருப் பக்கம் சரிந்திருந்தது. ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். எங்கள் காலை நோக்கி வந்தது.

"எத்தினி பேருகிட்ட சொல்லிட்டோம் டீச்சர். யாரு வந்து பாக்கறாங்க?" என்றாள் ஒருத்தி.

அன்று வீட்டுக்கு வரும்போது எனக்கு உள்ளே ஏதோ மாறிவிட்டது. மட்டம் பார்க்கத் தெரியாதவன் கட்டிய வடிகால், அதற்கு யாரோ ஒருவர் போட்ட கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் போடுகிற இடத்தில் நான் இருந்தால் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுப் போடுவேனே என்று தோன்றியது. சாப்பிடும்போது, "சரி, நிக்கறேன்," என்றேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை, ஆனால் காது சிவந்துவிட்டது. சந்தோஷப்பட்டால் அவருக்குக் காது சிவக்கும்.

சீட் கிடைப்பதற்கு முன்பே செலவு ஆரம்பித்துவிட்டது. தேர்தலில் நின்றால்தான் செலவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். விருப்ப மனுவுக்குக் கட்சி அலுவலகத்தில் பணம் கட்ட வேண்டும். ஜி.எஸ்.டி. ரோடு நெடுக பேனர் வைக்க வேண்டும், அதில் மேலே பெரிய தலைவர்கள், அடுத்து மாவட்டச் செயலாளர், அடுத்து பகுதிச் செயலாளர், கடைசியில் தபால்தலை அளவுக்கு நான். மாநாட்டுக்கு ஆள் அனுப்ப வேன் பிடிக்க வேண்டும், வேனுக்குப் பிரியாணி வேண்டும். மாவட்டச் செயலாளரைக் கட்சிக்காரர்கள் வெறுமனே 'மாவட்டம்' என்பார்கள். மாவட்டம் பேத்திக்குக் காது குத்து என்றார்கள், அதற்கு ஒரு மோதிரம்.

எங்களிடம் இருந்த ஒரே சொத்து வண்டலூரைத் தாண்டி உள்ளே வாங்கிப் போட்டிருந்த மனை. என் பி.எஃப். லோனும் அவர் சேமிப்புமாகச் சேர்த்து வாங்கியது, என் பெயரில் இருந்தது. மகளின் மேல்படிப்புக்கு என்று வைத்திருந்தோம். அவர் அதை விற்கலாம் என்று நேராகச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் விலை ஏறியிருக்கிறது என்றார். பிறகு ஒரு நாள் புரோக்கர் ஒருவர் கடைக்கு வந்ததாகச் சொன்னார். அதற்கடுத்த வாரம் நாங்கள் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

எங்கள் மகள் அப்போது பி.ஏ. எகனாமிக்ஸ் கடைசி வருஷம். டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள்தான் அந்தப் பேச்சை எடுத்தாள். "சில நாட்டுல எலெக்‌ஷன்ல நிக்கறவங்களுக்கு கவர்மெண்டே பணம் குடுக்குமாம்ப்பா. க்ளாஸ்ல சொன்னாங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி. அதுக்கு மேல யாரும் செலவு பண்ணக் கூடாதாம்."

அவர் சிரித்தார். "நம்ம ஊர்ல குடுத்தா, அத வாங்கித் தர்றதுக்கு ஒருத்தனுக்குப் பணம் குடுக்கணும்."

"வெளையாடாதீங்கப்பா. அப்படி இருந்தா நம்ம இடத்த விக்க வேண்டாம் இல்ல?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்படி ஒண்ணு இருந்திருந்தா நான் எப்பவோ நின்னுருப்பேன்மா," என்றார். அவர் குரலில் அதற்கு முன் நான் கேட்காத ஒன்று இருந்தது. அதற்கு மேல் என்னால் சண்டை போட முடியவில்லை. மனையை விற்றோம். பத்திர அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும்போது, "ஜெயிச்சா இதவிட நல்ல எடமா வாங்கலாம்," என்றார். எப்படி வாங்கலாம் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் அப்படி ஒரு எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. எல்லாரும் சொல்கிற ஒன்றை அவரும் சொன்னார்.

நேர்காணல் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. காலையிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். வாசலில் கார்கள் வரிசையாக நின்றன, நாங்கள் ஸ்கூட்டரை மரத்தடியில் நிறுத்தினோம். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில் என்னைப் போல நிறையப் பெண்கள், ஒவ்வொருத்திக்குப் பக்கத்திலும் ஒரு வெள்ளைச் சட்டைக் கணவர். பேசியதெல்லாம் கணவர்கள்தான். நான் உட்கார்ந்தபடியே மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். வடிகால், அதன் சரிவு, ஏரிக்குள் விடப்படும் கழிவுநீர், எங்கள் பக்கம் பெண்களுக்கு ஒரு கழிப்பறைகூட இல்லாத பஸ் நிறுத்தம்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் மரியாதையானவர். எழுந்து கும்பிட்டார், உட்காரச் சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

"டீச்சரா? ரொம்ப நல்லது. எவ்வளவு செலவு பண்ணுவீங்க மேடம்?"

"சார், எங்க வார்டுல மழைநீர் வடிகால்..."

"அதெல்லாம் ஜெயிச்ச பிறகு பாத்துக்கலாம். செலவு?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் மனை விற்ற தொகையைச் சொன்னார். நடுவில் இருந்தவர் தலையாட்டினார்.

"அது போக?"

கணவர் என் பக்கம் திரும்பினார். அவர் அப்படித் தடுமாறி நான் பார்த்ததில்லை. "என் நகை இருக்கு சார்," என்றேன். அதைச் சொல்ல வேண்டும் என்று நான் வீட்டிலிருந்து கிளம்பும்போது நினைக்கவில்லை.

"சரி. அது போக?"

அது போக ஒன்றும் இல்லை. கணவர் தன் கட்சி வேலையைச் சொல்ல ஆரம்பித்தார், எந்த வருஷம் சேர்ந்தார், எந்தப் போராட்டத்தில் உள்ளே போனார், எத்தனை நாள் இருந்தார். அந்த மனிதர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். "உங்கள மாதிரி ஆளுங்கதான் கட்சிக்கு ஆணிவேர்," என்றார். பிறகு பக்கத்தில் இருந்தவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

ஒரு வேட்பாளர் இவ்வளவுக்கு மேல் செலவு செய்யக் கூடாது என்று சட்டத்தில் வரம்பு இருக்கிறது. எனக்கு அது தெரியும், தெரிந்துகொண்டுதான் போனேன். நாங்கள் சொன்ன முதல் தொகையே அந்த வரம்பைத் தாண்டியிருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அது சிரிப்பைக்கூட வரவழைக்கவில்லை.

பட்டியல் வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். இடைவேளையில் போனைப் பார்த்தால், எங்கள் வார்டுக்கு நேராக வேறு ஒரு பெண்ணின் பெயர். பள்ளி விட்டதும் நேராகக் கடைக்குப் போனேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து யாருடைய மிக்சியையோ பிரித்துப் போட்டு வைத்திருந்தார். கார்பன் பிரஷ்ஷை மாற்றினார், ஓட்டிப் பார்த்தார், மூடியை முடுக்கினார், வந்தவரிடம் காசு வாங்கிச் சில்லறை கொடுத்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"பில்டர் சம்சாரம்," என்றார். "நம்ம வார்டுக்குக் குடி வந்தே கொஞ்ச நாள்தான் ஆவுது."

அன்று சாயங்காலம் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். துக்கம் கேட்க வருகிற மாதிரி வந்தார்கள். உட்கார்ந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், தலையை ஆட்டினார்கள். பகுதிச் செயலாளரும் வந்தார். தாம்பரத்தில் ஆட்டோ ஃபைனான்ஸ் நடத்துகிறவர், என் கணவரைவிட வயதில் மூத்தவர்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காத தலைவா. மேல இருந்து வந்துகீது. நான் இன்னா பண்ண முடியும்? அவன் துட்டு வச்சான் பாரு, நம்மால கனவுலகூட வைக்க முடியாது. அட்த்த தபா உனக்குத்தான்," என்றார். என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, அவர பேஜார் பண்ணாதீங்க. ஏற்கெனவே நொந்துகீறாரு," என்றார்.

எல்லோரும் போன பிறகு நான் சொன்னேன். "சுயேச்சையா நிக்கலாம்."

அவர் என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சொந்தக் கட்சிக்கு எதிராவா?"

"ஜனங்களுக்கு நம்மளத் தெரியும். நானே வீடு வீடாப் போறேன். நகைய வைக்கலாம்."

"நகைய வச்சு?" என்றார். பிறகு பொறுமையாகச் சொன்னார், எனக்கு ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுப்பது போல. ஒவ்வொரு வாக்குச் சாவடியிலும் உட்கார ஆள் வேண்டும், கட்சி இல்லாமல் வருகிற ஆளுக்குக் கூலி வேண்டும். நோட்டீஸ், ஆட்டோ, மைக், கூட வருகிறவர்களுக்குச் சாப்பாடு. இவை எல்லாம் முடிந்து ஓட்டுக்கு முந்தின நாள் அவர்கள் கவர் கொடுப்பார்கள், நாம் கும்பிடு மட்டும் போடுவோம். "உன்ன நல்லவன்னு சொல்லிட்டு அங்க போய்க் குத்துவாங்க. அவங்கள தப்பு சொல்ல முடியாது," என்றார்.

வேட்புமனு கொடுக்கிற கடைசி நாள் வரைக்கும் யோசித்தேன். டெபாசிட் கட்டப் பணம் இருந்தது, அது பெரிய தொகையே இல்லை. அதற்குப் பிறகு வருவதுதான் முடியாமல் இருந்தது. மகள் சொன்னது அடிக்கடி ஞாபகம் வந்தது. அரசாங்கம் பணமாகக்கூடத் தர வேண்டாம். நிற்கிற எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு நோட்டீஸ் அடித்து வீட்டுக்கு வீடு போட்டுவிட்டு, தெருமுனையில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் ஒரே மைக்கில் பேச விட்டால்கூடப் போதும், நான் நின்றிருப்பேன். தோற்றிருக்கலாம். தோற்றாலும் அந்த வடிகாலைப் பற்றி ஒரு தடவை உரக்கச் சொல்லியிருப்பேன். மூன்று மணியோடு மனு வாங்குவது முடிந்துவிடும். அந்த நேரத்தில் நான் எட்டாவது வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து பில்டரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பழக்கூடை, சால்வை. அவர் சால்வையை என் கணவருக்குப் போர்த்தினார். அந்தப் பெண்ணுக்கு என் மகளைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். புதுக் காட்டன் புடவை இன்னும் கஞ்சி விலகாமல் நின்றது. அவள் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, நீங்க இல்லாம இந்த வார்டுல ஒரு ஓட்டு வாங்க முடியாதுன்னு எனக்குத் தெரியும்," என்றார் பில்டர். "அக்காவும் இவ கூட வந்தாங்கன்னா, உங்க சர்ச் ஜனங்க ஓட்டு, ஸ்கூல் பேரண்ட்ஸ் ஓட்டு எல்லாம் நமக்கு வந்துரும்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "வருவாங்க," என்று சொல்லிவிட்டார்.

அவர்கள் போன பிறகு நான் அழுதேன். அவர் பழக்கூடையைப் பிரித்து ஆப்பிள்களை ஃபிரிட்ஜில் அடுக்கிக்கொண்டிருந்தார். "இப்ப ஒதுங்கி நின்னா, சீட் கிடைக்கலன்னு கோவம்னு சொல்லுவாங்க. இவ்ளோ வருஷம் நான் பண்ணதெல்லாம் அதுக்குத்தான்னு ஆயிடும்," என்றார். பிரசாரத்துக்கு நானும் போனேன்.

வெயில் ஏறுவதற்கு முன் கிளம்புவோம். முன்னால் தப்பு அடிக்கிறவர்கள், அடுத்து கொடி பிடிக்கிற பெண்கள், அவர்களுக்கு நாள் கூலி. ஒவ்வொரு தெருமுனையிலும் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நிற்பார்கள். பில்டரின் ஆள் ஒருவர் பின்னாலேயே வந்து தட்டுக்குத் தட்டு நோட்டு வைப்பார். அடுத்த தெருவில் அதே பெண்களில் சிலர் அதே தட்டோடு முன்னால் போய் நிற்பார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஏரிக்கரைத் தெருவில் அன்று வடிகாலைக் காட்டிய பெண் கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் நேராக வந்து எனக்கு ஆரத்தி சுற்ற ஆரம்பித்துவிட்டாள். "நீங்கதான் நிக்கறீங்கன்னு எனக்குத் தெரியும் டீச்சர். நான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

"நான் இல்லம்மா. இவங்க," என்று பக்கத்தில் நின்றவளைக் காட்டினேன்.

அவள் தட்டைப் பாதியில் நிறுத்தினாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தட்டை அந்தப் பக்கம் திருப்பிச் சுற்றி முடித்தாள். நோட்டு வைக்கப்பட்டது.

வேட்பாளர் என் காதருகே வந்து, "அக்கா, இந்தத் தெருவுல என்ன பேசினா கரெக்டா இருக்கும்?" என்று கேட்டாள். கெட்ட எண்ணம் இல்லாமல்தான் கேட்டாள். நான் சொன்னேன். வடிகால் எந்தப் பக்கம் சரிய வேண்டும், எந்தப் பக்கம் சரிகிறது, எங்கே உடைத்துக் கட்ட வேண்டும். மண்டபத்தில் அந்த மேஜைக்கு முன்னால் நான் சொல்ல முடியாமல் போன எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மைக்கை வாங்கி அப்படியே சொன்னாள். அழகாகவே சொன்னாள், எனக்கு இல்லாத குரல் அவளுக்கு இருந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் மதியம் இளநீர் குடிக்க நின்றபோது அவள் சொன்னாள். "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுக்கா. நான் பியூட்டி பார்லர் வைக்கலாம்னு கேட்டேன். அவர் இதுக்குக் கூட்டிட்டு வந்துட்டார்." இளநீரை முழுசாகக் குடிக்கவில்லை. அதற்குள் அவள் கணவர் கூப்பிட்டுவிட்டார்.

ஓட்டுக்கு முந்தின நாள், எட்டுத் தெருக்களுக்கான பணப் பட்டுவாடா என் கணவர் பொறுப்பில் வந்தது. அவர் கை சுத்தம் என்பதால் அவரிடம் கொடுத்தார்கள், அதை ஒரு மரியாதையாகவே சொல்லிக் கொடுத்தார்கள். எல்.இ.டி. பல்ப் வருகிற அட்டைப்பெட்டியில் கவர்களை வைத்துக்கொண்டு, பல்ப் மாற்றப் போகிறவர் போலப் பட்டப்பகலில் வீடு வீடாகப் போனார். அந்தத் தெருக்களில் அவர் எத்தனையோ வீடுகளுக்கு உண்மையிலேயே பல்ப் மாற்றியிருக்கிறார். ஒரு வீட்டையும் விடவில்லை, ஒரு கவரையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டில் மட்டும் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் கதவைச் சாத்திவிட்டாராம். அதை என்னிடம் சொல்லும்போது, "நல்ல மனுஷன்," என்றார்.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் மூன்று கவர்களை வைத்தார்.

"இது என்ன?" என்றாள் மகள்.

"நம்ம வீட்டுக்கு. மூணு ஓட்டு."

அவள் கவர்களைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "எடத்த வித்து அவங்களுக்குக் குடுத்தீங்க. இப்ப அவங்க இதத் திருப்பிக் குடுக்கறாங்களாப்பா?"

"நம்ம பணம் இல்லம்மா இது."

"திருப்பிக் குடுத்துடுங்க," என்றேன் நான்.

"யார்கிட்ட குடுக்கறது? மூணு கவர் திரும்பி வந்துச்சுன்னா, வேற எத்தன வீட்டுக் கவர அமுக்கினான்னுதான் கேப்பாங்க." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. மகள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் கவர்கள் கொஞ்ச நாள் ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தன. அப்புறம் அந்த மாசத்து மளிகைக்குப் போயின. ஏற்கெனவே மனைப் பணத்தில் பாதி பேனரும் வேனும் பிரியாணியுமாகப் போய்விட்டிருந்தது.

பில்டர் மனைவி ஜெயித்தாள். பெரிய வித்தியாசம். வெற்றி ஊர்வலத்தில் என் கணவர் மாலைகளைச் சுமந்துகொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்தார்.

அடுத்த மழைக்கு ஏரிக்கரைத் தெருவில் மறுபடி தண்ணீர் வந்தது. அவர்கள் கவுன்சிலர் வீட்டுக்குப் போகவில்லை, எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். "நீங்க கூட வந்தீங்களேன்னுதான் டீச்சர் போட்டோம்," என்றாள் அந்தப் பெண். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. கவுன்சிலர் நம்பருக்குப் போன் பண்ணினேன். அவள் கணவர்தான் எடுத்தார்.

"அக்கா, உங்ககிட்ட ஓப்பனா சொல்றேன். நான் போட்டதே இன்னும் வரல. அந்த வடிகால் பழைய கான்ட்ராக்டர் பண்ணது, அத ஒடச்சா வேற பிரச்சனை வரும். புது ரோடு ஒண்ணு வருது, அத மொதல்ல முடிச்சிடறேன்."

"அவங்ககிட்ட கொஞ்சம் பேசலாமா?"

"அவ தூங்கறாக்கா."

அந்தப் பெண்ணிடம், சொல்லியிருக்கிறேன், பார்க்கிறோம் என்கிறார்கள் என்றேன். இருபது வருஷமாகப் பெற்றோர்கள் என்னிடம் வந்து நிற்கிறார்கள். பிள்ளைக்கு ஏன் மார்க் குறைந்தது என்று கேட்பார்கள், நான் பேப்பரை எடுத்துக் காட்டுவேன். அவளிடம் எடுத்துக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அதன் பிறகு சனிக்கிழமைகளில் ஏரிக்கரைப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

மகள் எம்.ஏ. படிக்க டெல்லிக்குப் போக வேண்டும் என்று இருந்தாள். இடம் கிடைத்தது. மீதமிருந்த பணத்தில் ஒரு வருஷம் சமாளிக்கலாம், அதற்கு மேல் லோன் போடலாம் என்று நான் கெஞ்சினேன். அவள் வேண்டாம் என்றாள். பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். மாசம் ஒரு தடவை வருவாள், பிறகு இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை. அப்பாவோடு பேசுவாள், சாப்பாடு, உடம்பு, ட்ரெயின் எத்தனை மணிக்கு என்பது வரைக்கும்.

அவர் கொஞ்ச காலம் கட்சி ஆபீஸ் பக்கம் போகவில்லை. கடை, வீடு, ஞாயிற்றுக்கிழமை சர்ச். யாராவது கடையில் அரசியல் பேசினால் ஃபேனைப் போட்டு ஓட விட்டுப் பார்க்கப் போவது போல எழுந்துகொள்வார். எனக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது, ஆனால் அவர் சீக்கிரமே கிழவராகிக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஏணியில் ஏறியவர் பாதியில் நின்று, மூச்சு வாங்கி, இறங்கிவிட்டார் என்று கடைக்கு எதிரே பூக்கட்டுகிற அக்கா சொன்னாள்.

அடுத்த பெரிய தேர்தல் வந்தபோது பகுதிச் செயலாளர் வண்டி எங்கள் வாசலில் நின்றது. "நீ இல்லாம பூத் கமிட்டி எப்டி தலைவா?" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் என் கணவர் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காலரை இரண்டு தடவை தேய்த்தார்.

"போகணுமா?" என்று கேட்டேன்.

"வீட்ல உக்காந்து என்ன பண்றது? அங்க போனா நாலு பேர் பேசறான்," என்றார்.

மகளுக்குப் போன் பண்ணி, ஓட்டுப் போட வரவில்லையா என்று கேட்டேன். "எதுக்கும்மா, ட்ரெயின் காசு வேஸ்ட்," என்றாள். அவள் அப்பாவிடம் நான் அதைச் சொல்லவில்லை, லீவு கிடைக்கவில்லையாம் என்றேன்.

ஓட்டுப்பதிவு அன்று நான் தனியாகத்தான் போனேன். அவர் விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். வாக்குச் சாவடிக்கு வெளியே, போலீஸ் போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பூத் சிலிப் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எல்லோருக்கும் கொடுப்பது போலவே ஒரு சிலிப்பில் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் எழுதிக் கொடுத்தார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள், பக்கத்துத் தெருவில் இன்னும் தரவில்லை என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். உள்ளே போய் பொத்தானை அமுக்கினேன். எந்தப் பொத்தான் என்பதை இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை.

வெளியே வந்து, "சாப்பாடு கொண்டு வரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம். இங்க பொட்டலம் வரும்," என்றார். வெயில் அவர் மேஜைமேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. நான் குடையைக் கொடுத்தேன். கட்சிக்காரர்கள் முன்னால் குடை பிடிக்கக் கூச்சமாக இருக்கும் என்று வாங்கிக்கொள்ளவில்லை. நான் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.